ஆஸ்திரேலியாவிலும் ஒரு 'ஒரு நாள் ஆக்ரா' வேண்டுமா?

தில்லித் தமிழர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் வரும். "வருகிற 12ஆம் தேதி ஜி.டி. எக்ஸ்பிரஸில் புறப்படுகிறோம். ஆறு பேர் வருகிறோம். மூன்று நாள் தங்குவோம். தில்லி, ஆக்ரா, மதுரா, ஹரித்வார், ரிஷிகேஷ் எல்லாம் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு ஸ்வெட்டரும் வாங்க வேண்டும். மற்றவை நேரில்" என்று எழுதியிருக்கும். மூன்று நாளில் இத்தனையும்! இரண்டு அறை அரசாங்கக் குவார்ட்டர்ஸில் கூடத்தில் பாய் விரிப்போம். அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி கேஷுவல் லீவ் எடுப்போம். விடியற்காலை ஆறு மணிக்கு ஆக்ரா பஸ். மதுராவில் அரை மணி, தாஜ்மகாலில் முக்கால் மணி. நள்ளிரவில் வீடு திரும்பும்போது குழந்தைகள் தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். மறுநாள், "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "எல்லாம் பார்த்தாச்சு" என்பார்கள். எதைப் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் வராது.

அவர்கள் ரயிலேறிய பிறகு நானும் என் மனைவியும் சோர்ந்துபோய் உட்கார்ந்து, "இன்னும் இரண்டு நாள் சேர்த்துத் தங்கி நிதானமாகப் பார்த்திருக்கக் கூடாதா? கரோல் பாகுக்குத் தாங்களே ஒரு பஸ் பிடித்துப் போயிருக்கக் கூடாதா?" என்று பேசிக்கொள்வோம். நாற்பது வருடம் இப்படி முணுமுணுத்த நாங்கள், 2017இல் மெல்போர்னில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனபோது என்ன செய்தோம் தெரியுமா? அதையேதான் செய்தோம்.

இன்று நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளையோ பெண்ணோ ஆஸ்திரேலியாவில் இருப்பது சாதாரணமாகிவிட்டது. மூன்று மாதம், ஆறு மாதம் என்று பெற்றோர் போய்வருகிறார்கள். திரும்பி வந்ததும் படம் காட்டுகிறார்கள். அடுத்துப் புறப்படுகிறவர்களுக்கு "இதைப் பார், அதைப் பார்" என்று ஒரு பட்டியலும் கொடுக்கிறார்கள். பட்டியலில் குறை ஒன்றுமில்லை. பார்க்கிற முறையில்தான் குறை என்பது என் கருத்து. அதை என் தவறிலிருந்தே தொடங்கிச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு பாறைகளும் ஒரு கங்காருவும்

மெல்போர்னுக்குப் போகிறவர்கள் அனைவரும் பார்க்க விரும்புவது கிரேட் ஓஷன் ரோடு என்னும் கடற்கரைச் சாலை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை மண்வெட்டியும் கடப்பாரையுமாக வெட்டி அமைத்தது. போரில் மடிந்த தோழர்களின் நினைவாக எழுந்த சாலை. ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளம். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல். அந்தச் சாலையில் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' என்ற சுண்ணாம்புப் பாறைகள் கடலுக்குள் தூண்களாக நிற்கின்றன. பெயர்தான் பன்னிரண்டு. அங்கே பன்னிரண்டு பாறைகள் ஒருபோதும் இருந்ததில்லை. 2005 ஜூலையில் ஒன்று இடிந்து விழுந்தது. அதன்பின் எட்டுதான் மிஞ்சின.

நாங்கள் போனது ஒரு சனிக்கிழமை. மகன் ஐந்து நாள் வேலை செய்து களைத்தவன். "அப்பா, இது ரொம்ப தூரம். வழியில் லோர்ன் என்று ஒரு ஊர் இருக்கிறது, அதுவரை போய்விட்டு வரலாமே" என்றான். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு அந்தப் பாறையைப் பார்க்காமல் போவதா? ஊரில் கேட்டால் என்ன சொல்வது?" என்றேன் நான். என் வாயிலிருந்து வந்தது அப்படியே ஆக்ராவுக்கு வந்த என் சித்தப்பாவின் வாக்கியம்! காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வளைவுகளில் பேரனுக்கு மூன்று முறை வாந்தி. பாறைகளின் முன் போய் நின்றபோது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. இருபது நிமிடம் நின்றோம், படம் எடுத்தோம், திரும்பினோம்.

இருட்டில் திரும்பும்போது சாலையோரப் புதரிலிருந்து ஒரு கங்காரு காரின் முன்னால் பாய்ந்தது. மகன் பிரேக்கை மிதித்தான். வண்டி தடம் புரண்டு, புல்லில் இறங்கி நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு அவன், "ஒன்றுமில்லை அப்பா, கொஞ்சம் கண் அசந்துவிட்டது" என்றான். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. காலையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருக்கிறான். யாருக்காக? ஊரில் கேட்டால் சொல்வதற்காக.

இந்த நாட்டில் கங்காருக்கள் அதிகம் நடமாடுவது அந்தியிலும் விடியலிலும்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நகரத்தை விட்டு வெளியே போனால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவது, அல்லது அங்கேயே இரவு தங்கிவிடுவது என்பது அங்குள்ளவர்களின் வழக்கம். பாறைகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் அப்போலோ பே போன்ற ஓர் ஊரில் ஓர் இரவு தங்குங்கள். தங்க வசதியில்லை என்றால் மகன் சொன்னதுபோல் லோர்ன் வரை, சுமார் 140 கிலோமீட்டர், போய்க் கடலைப் பார்த்து, கட்டுச்சோறு சாப்பிட்டு, வெளிச்சத்தோடு வீடு திரும்புங்கள். அந்தச் சாலையின் அழகில் பெரும்பங்கு அதற்குள்ளேயே வந்துவிடும்.

திங்கள் முதல் வெள்ளி வரை யாருடையது?

நம்மவர்களின் ஆஸ்திரேலிய வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான். திங்கள் முதல் வெள்ளி வரை கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள். பிள்ளையும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். தெருவில் ஈ காக்கை இருக்காது. தொலைக்காட்சியில் தமிழ்த் தொடர். ஜன்னல் வழியே ஆகாயம். சனி, ஞாயிறு வந்தால், வாரம் முழுதும் உழைத்த பிள்ளை நம்மைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும். அவன் துணி துவைப்பது எப்போது, தூங்குவது எப்போது? கடைசியில் நமக்கும் அலுப்பு, அவர்களுக்கும் அலுப்பு. "எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை" என்று நாம் இங்கே வந்து சொல்வோம். "எத்தனை அலைந்தாலும் திருப்தி இல்லை" என்று அவர்கள் அங்கே சொல்வார்கள்.

ஒரு கேள்வி கேட்கிறேன். நாம் தில்லிக்கு வந்தபோது நமக்கு என்ன இந்தி தெரியும்? "கித்னா", "கஹான்" என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு டி.டி.சி. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு இந்த நகரத்தையே நமதாக்கிக்கொண்டோம். அப்படிப்பட்ட நாம், எல்லாப் பலகையும் ஆங்கிலத்தில் இருக்கிற, பஸ்ஸும் ரயிலும் அட்டவணைப்படி ஓடுகிற ஊரில் ஏன் மூட்டை முடிச்சு மாதிரி பிள்ளையின் காரில் ஏற்றி இறக்கப்படுகிறோம்? வார நாள் நம்முடையது, வார இறுதி அவர்களுடையது என்று பிரித்துக்கொண்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்பதே நான் சொல்ல வந்தது.

2023இல் சிட்னியிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது இதைச் செய்து பார்த்தோம். முதல் நாள் மகளுக்கு ஒரே கவலை. "அம்மாவை அழைத்துக்கொண்டு தனியாகவா? வழி தவறினால்?" என்றாள். "தவறினால் அடுத்த ரயிலில் திரும்பி வருவோம். நாங்கள் சென்ட்ரல் செக்ரடேரியட் பஸ் ஸ்டாண்டில் தவறாத வழியா?" என்றாள் என் மனைவி.

சிட்னியில் ரயிலும் படகும்

சிட்னியில் ஓபல் என்ற அட்டை ஒன்று போதும். ரயில், பஸ், டிராம், படகு எல்லாவற்றுக்கும் அதுவே. ஏறும்போதும் இறங்கும்போதும் இயந்திரத்தில் தட்ட வேண்டும். இறங்கும்போது தட்ட மறந்தால் கூடுதல் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. வெள்ளி, சனி, ஞாயிறுகளில் அந்த வரம்பு மற்ற நாள்களில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. இந்திய வங்கி அட்டையைத் தட்டியும் பயணம் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்நியச் செலாவணிக் கட்டணம் சேரும் என்பதால் ஓபலே நல்லது.

நம்மவர்கள் அதிகம் வசிக்கும் மேற்குப் புறத்தில், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம், வீடு என்றால் பாரமட்டாவிலிருந்து படகில் நகரத்துக்குப் போங்கள். ஆற்றின் வழியே சுமார் ஒன்றரை மணி நேரம். இரு கரையிலும் சதுப்புக் காடுகள், தோட்டங்கள், பழைய வீடுகள். கடைசியில் படகு துறைமுகப் பாலத்தின் அடியிலேயே நுழைந்து, எதிரே ஓபரா ஹவுஸைக் கொண்டுவந்து நிறுத்தும். அந்தக் காட்சிக்கு உல்லாசப் படகுக்காரர்கள் பெருந்தொகை கேட்பார்கள். நாங்கள் சாதாரண டிக்கெட்டில் பார்த்தோம்.

அங்கிருந்தே மேன்லிக்கு இன்னொரு படகு, சுமார் அரை மணி. துறைமுகத்தின் வாசலைக் கடக்கும்போது பசிபிக் கடலின் அலை படகைத் தூக்கிப் போடும். தலைச்சுற்றல் உள்ளவர்கள் கீழ்த்தட்டில் நடுவில் உட்காருங்கள். துறைமுகப் பாலத்தின் வளைவின் மீது ஏற ஆயிரக்கணக்கான ரூபாய் ஆகும். ஆனால் பாலத்தின் கிழக்குப் பக்க நடைபாதையில் நடக்கக் காசே இல்லை. ரயிலில் மில்சன்ஸ் பாயிண்ட் போய் இறங்கி, நகரத்தை நோக்கி நடந்து வாருங்கள். ஓபரா ஹவுஸ் வலை போட்டது மாதிரி கம்பிகளுக்கு அப்பால் கூடவே வரும். 1932இல் திறந்த பாலம் அது. வளைவின் அகலம் 503 மீட்டர்.

ஓபரா ஹவுஸ் ஒரு நல்ல பாடமும்கூட. அதை வடிவமைத்தவர் டென்மார்க் நாட்டு யோர்ன் உட்சோன். 1957இல் நடந்த போட்டியில் அவருடைய வரைபடம் தேர்வாயிற்று. செலவு பற்றியும் வடிவம் பற்றியும் அரசாங்கத்தோடு தகராறு வந்து 1966இல் வேலையை விட்டுப் போனார். 1973இல் கட்டடம் திறக்கப்பட்டது. 2008இல் இறக்கும்வரை, முடிந்த கட்டடத்தை அவர் நேரில் பார்க்கவே இல்லை. இது தெரிந்த பிறகு அந்தப் படிகளில் உட்கார்ந்து பார்த்தால், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஓடுகள் பதித்த அந்தக் கூரை வேறு மாதிரி தெரிகிறது.

நீல மலைக்கு, அதாவது ப்ளூ மவுண்டன்ஸுக்கு, காரே வேண்டாம். சிட்னி சென்ட்ரலிலிருந்து கட்டூம்பாவுக்கு ரயிலில் இரண்டு மணி. அந்த ரயில் பாரமட்டாவிலும் நிற்கும். அதே ஓபல் அட்டை, அதே உச்சவரம்பு. கட்டூம்பா ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காடு, குன்னூர் மாதிரி குளிரும். யூகலிப்டஸ் மரங்களின் எண்ணெய் காற்றில் கலந்து நிற்பதால் பள்ளத்தாக்கு முழுதும் நீலம் பூசினாற்போல் இருக்கும். நீலகிரியில் பார்த்த அதே தைல மரந்தான். அது இங்கிருந்துதான் நம் நீலகிரிக்குப் போயிற்று. 'மூன்று சகோதரிகள்' பாறையை எக்கோ பாயிண்டிலிருந்து இலவசமாகப் பார்க்கலாம். ஸ்டேஷனிலிருந்து பஸ் உண்டு. நாங்கள் எட்டரை மணி ரயிலில் போய், எலுமிச்சஞ்சாதம் சாப்பிட்டு, ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டோம். மகள் வருவதற்குள் அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

வார இறுதியில் காரில் போகத்தான் வேண்டும் என்றால் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோவிலுக்குப் போங்கள். காட்டு நடுவே கோபுரம். தரிசனம் முடித்துக் கோவில் உணவகத்தில் சாப்பிட்டு, அருகிலேயே பால்ட் ஹில் மேட்டிலிருந்து கடலைப் பார்த்து, மலையடிவாரத்தில் கடலுக்கு மேலேயே வளைந்து போகும் ஸீ கிளிஃப் பாலத்தில் சற்று நடந்து, பகலோடு திரும்பிவிடலாம். பிள்ளைக்கும் அலுப்பில்லை.

மெல்போர்ன், பிரிஸ்பேன், மற்ற ஊர்கள்

மெல்போர்னில் நகர மையத்துக்குள் டிராமில் ஏறக் கட்டணமே கிடையாது. 2015 முதல் இந்த ஏற்பாடு. அதைவிட நல்ல செய்தி ஒன்று: 2023 மார்ச் முதல் விக்டோரியா மாநிலம் முழுவதும் ரயில் கட்டணத்துக்கு நகரக் கட்டண அளவிலேயே நாள் வரம்பு வைத்துவிட்டார்கள். ஒன்றரை மணி தூரத்தில் உள்ள பல்லாராட்டுக்குப் போய்வர, நகரத்துக்குள் சுற்றும் செலவுதான். 1851இல் தங்கம் கிடைத்த ஊர் அது. உரிமக் கட்டணத்தை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளிகள் 1854 டிசம்பர் 3ஆம் தேதி படையோடு மோதிய யுரேகா அரண் அங்கேதான் இருந்தது. தங்கத்துக்காக எங்கிருந்தெல்லாமோ மக்கள் வந்து குவிந்த கதையைப் பார்க்கும்போது, பிழைப்பைத் தேடி ஊர் விட்டு வந்த நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

பேரக்குழந்தை இருந்தால் பெல்கிரேவ் வரை மின்ரயிலில் போய், 1900இல் தொடங்கிய 'பஃபிங் பில்லி' நீராவி ரயிலில் ஏறுங்கள். நம் ஊட்டி ரயிலின் தம்பி மாதிரி இருக்கும். பிலிப் தீவில் பெங்குவின்கள் கடலிலிருந்து கரையேறுவதைப் பார்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அவை வருவது சூரியன் மறைந்த பிறகு. டிசம்பர், ஜனவரியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகிவிடும். அதற்கு மேல் 140 கிலோமீட்டர் திரும்ப வேண்டும். குளிர்காலமான ஜூன், ஜூலையில் போனால் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கம்பளி வேண்டும், அவ்வளவுதான்.

பிரிஸ்பேனில் 2024 ஆகஸ்ட் முதல் பஸ், ரயில், படகு எதுவானாலும் ஒரு பயணத்துக்கு ஐம்பது சென்ட்தான். ஆற்றில் ஓடும் படகில் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை போய்வரலாம். ரயிலேறிக் கோல்ட் கோஸ்ட் பக்கமும் போகலாம். கிரிக்கெட் பிரியர்கள் காபா மைதானத்தை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வாருங்கள். 2021 ஜனவரியில் சேலம் மாவட்டத்து நடராஜனும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் ஒரே டெஸ்டில் அறிமுகமாகி, 1988க்குப் பிறகு அங்கே தோற்காத ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்த அணியில் நின்ற இடம் அது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியப் படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நாட்டின் தூரம் புரியாது. சிட்னியிலிருந்து மெல்போர்ன் ஏறத்தாழ 880 கிலோமீட்டர். சிட்னியிலிருந்து பெர்த் விமானத்திலேயே ஐந்து மணி நேரம். நடு நாட்டிலுள்ள உலூரு என்ற செம்பாறையை "சிட்னியிலிருந்து ஒரு நாளில் பார்த்து வந்துவிடலாமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது. தனியாகச் சில நாள் ஒதுக்கி, விமானத்தில்தான் போக வேண்டும். போனாலும் அதன்மேல் ஏற முடியாது. அது அங்குள்ள அனங்கு மக்களுக்குப் புனிதமான இடம். 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது தடை செய்யப்பட்டுவிட்டது. கோவில் கருவறைக்குள் செருப்புக் காலோடு நுழையாதவர்கள் நாம். நமக்கு இது எளிதில் புரியும்.

யாருடைய மண், யாருடைய சிலை

இடங்களின் பின்னால் உள்ள கதையைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்பது என் இரண்டாவது வேண்டுகோள். ஓபரா ஹவுஸ் இருக்கும் முனைக்கு பென்னலாங் முனை என்று பெயர். பென்னலாங் அந்த மண்ணின் பூர்வகுடி மனிதர். வெள்ளையர் அவரை 1789இல் பிடித்துவந்தார்கள். பிறகு அவரே இரு தரப்புக்கும் இடையில் பேசுகிறவரானார், இங்கிலாந்து வரை போய்வந்தார். அவருக்குக் கட்டிக்கொடுத்த குடிசை அந்த முனையில்தான் இருந்தது. நமக்குக் குடியரசு தினமான ஜனவரி 26 அவர்களுக்கும் தேசிய தினம். 1788இல் அன்றுதான் ஆங்கிலேயக் கொடி சிட்னியில் ஏறியது. பூர்வகுடிகளில் பலர் அதைத் துக்க நாளாக நினைக்கிறார்கள். அன்று நாம் அங்கே இருந்தால் பட்டாசை மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது.

கான்பராவுக்குப் போனால் - சிட்னியிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர், ஓர் இரவு தங்கினால் நல்லது - பாராளுமன்றம், போர் நினைவகம், தேசியக் கலைக்கூடம் மூன்றையும் பொதுவாக இலவசமாகவே பார்க்கலாம். அந்தக் கலைக்கூடத்துக்கும் நமக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோவிலிலிருந்து திருடுபோன சோழர் கால நடராஜரை, 2008இல் அந்தக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. திருட்டு என்று வெளிப்பட்ட பின், 2014 செப்டம்பரில் அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் அந்தச் சிலையை நம் தில்லிக்கே கொண்டுவந்து ஒப்படைத்தார். சிட்னிக் கலைக்கூடத்திலிருந்த விருத்தாசலத்து அர்த்தநாரீஸ்வரரும் அப்போதே திரும்பினார். 2021இல் மேலும் 14 கலைப்பொருள்களைத் திருப்பித் தருவதாகக் கான்பரா அறிவித்தது.

அந்தக் கூடங்களில் நடக்கும்போது எனக்கு இரண்டு எண்ணம். நம் கோவிலைப் பூட்டாமல் விட்டவர்கள் நாம்தானே என்ற வெட்கம் ஒன்று. தவறு என்று தெரிந்ததும் திருப்பித் தந்தார்களே என்ற மரியாதை இன்னொன்று. பேரனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அப்போ தாத்தா, சாமி பிளேன்ல வீட்டுக்குப் போயிட்டாரா?" என்றான். எந்தப் பாறையின் முன் எடுத்த படமும் இந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது.

சில எச்சரிக்கைகள்

அங்கே டிசம்பர் கோடை, ஜூன் குளிர். கோடை வெயில் நம் வெயிலைவிடத் தோலைச் சுடும். தொப்பியும் களிம்பும் இல்லாமல் வெளியே போகாதீர்கள். கடலில் சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகள் இரண்டுக்கும் நடுவில் மட்டும் இறங்குங்கள். அங்குதான் காவலர் கண்காணிக்கிறார்கள். மற்ற இடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இழுத்துக்கொண்டு போய்விடும். காட்டுத் தீ எச்சரிக்கை உள்ள நாளில் மலைப் பக்கம் போக வேண்டாம். விமான நிலையத்தில் ஊறுகாய், பொடி, விதை எதுவானாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால், கூடாத பொருளாயிருந்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள், அவ்வளவே. மறைத்தால்தான் அபராதம். மருத்துவக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். அவசரத்துக்கு மூன்று பூஜ்யம் என்பதே தொலைபேசி எண். மகளின் விலாசத்தையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி அணைந்துபோகும், தாள் அணையாது. பூங்காக்களில் கழிப்பறை, குடிதண்ணீர் எல்லாம் இலவசம். கட்டுச்சோற்றுக்குக் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

முழங்கால் வலி உள்ளவர்கள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவே போகிறவர்கள், எல்லாருக்கும் இது முடியுமா என்று கேட்பீர்கள். எல்லாம் முடியாது. வாரத்துக்கு ஒரு நாள், ஒரு ரயில், ஓர் இடம் முடியும். பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அம்மாவைக் குழந்தைக்காகவும் சமையலுக்காகவும் வரவழைத்துவிட்டு, சனிக்கிழமை ஓட்டத்தை மட்டும் கைம்மாறாகக் கொடுக்காதீர்கள். முதல் வாரத்திலேயே ஒரு ஓபல் அட்டையும் ஒரு வீட்டுச் சாவியும் கையில் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது குழந்தைக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள். பயந்து தடுக்காதீர்கள். நீங்கள் பள்ளிக்கு முதன்முதலில் தனியே பஸ் ஏறிய நாளில் நாங்களும் பயந்தோம். ஆனாலும் ஏற்றிவிட்டோம்.

திரும்பி வந்ததும் சங்கத்து நண்பர் ஒருவர், "எத்தனை இடம் பார்த்தீர்கள்?" என்றார். ஏழு இடம் என்றேன். "மூன்று மாதத்தில் ஏழுதானா?" என்றார். ஆமாம், ஏழுதான். ஆனால் அந்த ஏழுக்கும் இன்று வழி சொல்ல என் மனைவிக்குத் தெரியும். எந்த ஸ்டேஷனில் மாற வேண்டும், எங்கே நல்ல நிழல் இருக்கிறது என்பதெல்லாம் அவள் சொல்வாள். விமான நிலையத்தில் வழியனுப்பும்போது மகள் சொன்னது, "அடுத்த வருஷமும் வாங்கப்பா." ஆக்ரா போய்வந்த எந்த விருந்தாளியிடமும் நாங்கள் அதை மனதாரச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.